செத்த நேரம்

சிவகாசி பஸ் முக்குத் திரும்பும்போது அடிக்கிற ஹாரனை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டது ஆனந்தவல்லிக்கு அன்றுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அந்த ஹாரன் அவளுக்காகவே அடிப்பது போலிருக்கும். ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் சேலை மடிப்புமாக ஓடுவாள். கண்டக்டர் படியில் நின்று, வாங்க மேடம் வாங்க, என்று பொறுமையில்லாத மரியாதையோடு கூப்பிடுவார். அன்றைக்கு ஹாரன் வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டுப் போனது. அவள் கையில் சூடாகக் காப்பி இருந்தது. சத்தம் தேய்ந்து மறைகிறவரை குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில் எங்கோ இறுக்கிக் கட்டியிருந்த நாடாவை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை பார்த்தவள் அவள். டாக்டர் வந்தாச்சா, ரத்தம் எடுத்த ரிசல்ட் வந்தாச்சா, எந்த மாடி, எந்த ரூம் என்று வருகிற கூட்டத்துக்கு நின்றபடியே பதில் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைப் பெண்கள், அச்சாபீஸ்காரர்கள், சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் என்று எல்லோரிடமும் அவள் அதிகம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "செத்த உக்காருங்க, கூப்பிடுதேன்." சொன்னதும் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட முகம் மாறியதில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள், "தங்கல" என்று, வந்த விருந்தாளி ராத்திரி இருக்காமல் கிளம்பிப் போனதைச் சொல்வது போல. இரண்டாவது பிள்ளைக்குப் பஸ்ஸிலேயே வலி ஆரம்பித்தது. அவளுடைய அம்மா வீடு இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஒரு பிடி. இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். கவுண்ட்டரில் அன்று வேறு ஆளில்லை. இறங்கவில்லை. பஸ்ஸால்தான் போனது என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா, அப்படியெல்லாம் இல்லம்மா, என்றே சொன்னார். யாரும் சொல்லாததால் அதை அவளே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது உண்டானபோது டாக்டரம்மா, இந்தத் தடவை பஸ் பிரயாணம் வேண்டாமே, என்றார். புருஷன் பாண்டிச்செல்வம் பஞ்சு மில்லில் பிட்டர். ஷிப்ட் மாறி மாறி வரும். அவன் சம்பளத்தை மட்டும் வைத்து வீடு ஓடாது. அதுவுமல்லாமல், வேலைக்குப் போகாத ஆனந்தவல்லியை ஆனந்தவல்லிக்கே பழக்கமில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தால், முன்பு இரண்டு தடவையும் போனதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் என்று பயந்தாள். பிள்ளையா வேலையா என்று அவள் ஊசலாடிய நாளில்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்ல ஆள் எடுப்பதாகத் தெரியவந்தது. லேப்டாப் திரையில் முகம் பார்த்துப் பேசிய கல்பனா மேடம், குரல் நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரி அனுபவமும் இருக்கிறது, மூன்று மாதம் பார்ப்போம், என்றார். மூன்று மாதம் ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த ஹாரன்தான்.

மாமியார் ஆவுடையம்மாள் தன் மாம்பழ அறையை ஒழித்துக் கொடுத்தாள். பருவம் வந்துவிட்டால் அவளுக்கு மாங்காய் மண்டியில் வேலை. குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காம்பில் பால் காய்ந்தது, காயாதது, அடிபட்டது, அணில் கடித்தது என்று கையில் எடுத்த கையோடு தரம் பிரித்துத் தள்ளுவாள். கூலியோடு மடியில் கொண்டுவரும் சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ணமும் பின்பக்க அறையில் வைக்கோலுக்குள் பழுக்கும். அந்தப் பழங்களைச் சாமான் வைக்கிற அரங்குக்கு மாற்றிவிட்டு, பழைய தையல் மிஷினின் தலையைக் கழற்றி, பலகையைத் துடைத்து மேஜையாக்கினாள். அறையில் இருந்து பழம் போனதே தவிர வாசம் போகவில்லை.

மருமகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதை முதல் நாள் வாசலில் நின்று கவனித்தாள். சாயங்காலம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, உக்காந்த எடத்துல பேசுததுக்கா சம்பளம் குடுக்கான்?"

"ஆமா அத்தை."

"நானும் பொறந்ததுல இருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். எந்தப் பய குடுத்தான்?"

கேலி செய்தாலும் மறுநாளிலிருந்து அவள்தான் காவல். உப்பு விற்கிறவனும் பழைய இரும்புக்காரனும் ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் நுழைந்தால் கேட்டுக்கு வெளியே போய் இரண்டு கையையும் விரித்து நிற்பாள். எங்க மருமக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் பேசுதா, அந்தத் தெரு வழியாப் போ, என்பாள். பக்கத்து வீட்டுச் சீத்தம்மா தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டு மனுஷி. அவள் அம்மியில் தேங்காய் அரைப்பதைக்கூட மருமகளின் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவைத்திருந்தாள் ஆவுடையம்மாள். தெருவே மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டது.

வேலை பிடித்திருந்தது. ஓசூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் குரல்கள் வந்தன. முகமில்லாத குரல்கள். எல்லாக் குரலுக்கும் அடியில் ஒரே பயம் இருந்தது. அந்தப் பயத்தைத் தொடுவதற்கு முன் ஆனந்தவல்லி தன் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. வைத்துக்கொண்டால் நிதானமாகப் பேச வந்தது.

ஆனி பிறந்ததும் காற்று எடுத்தது. மலைக் கணவாயிலிருந்து இறங்குகிற காற்றுக்கு ராஜபாளையத்தில் முருங்கைக் கிளையும் தப்பாது, கரண்டு வயரும் தப்பாது. அன்று காலை வடக்கே ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் அலமேலு என்றாள். அவளுடைய நைனா நெஞ்சுவலியென்று சென்னையில் சேர்ந்திருக்கிறார். அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். துணைக்கு இருக்கிற தம்பியின் போன் அணைந்து கிடக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்தவளுக்கு இப்போது எந்த வார்டு என்று தெரிய வேண்டும். ஆனந்தவல்லி பெயரைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. பெயர் வந்தது, வார்டு எண் இன்னும் வரவில்லை. அவள் சொன்னாள்:

"உங்க அப்பா பேரு இருக்கும்மா. செத்த..."

வெளியே சடசடவென்று கிளை முறிகிற சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது. மூலையில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்த மோடம் கண்ணை மூடியது. காதில் ஒன்றுமில்லை.

கரண்டு வந்ததும் முதல் வேலையாக அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். எங்கேஜ்டு. இன்னொரு தடவை அடித்தாள். அப்போதும் எங்கேஜ்டு. வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். அடுத்த அழைப்பு காத்திருந்தது.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே கல்பனா மேடம் கூப்பிட்டார். எப்போதும் சாப்பிட்டாச்சா என்று கேட்பவர் அன்றைக்குக் கேட்கவில்லை. நேற்றைய பதிவைப் போடுகிறேன், கேளுங்கள், என்றார். ஆனந்தவல்லி தன் குரலையே தன் காதில் கேட்டாள். கனிவான குரல். உங்க அப்பா பேரு இருக்கும்மா. செத்த. பிறகு நிசப்தம். பதிவு அங்கேயே முடிந்துபோனது.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடம் இரண்டாம் தடவை போட்டபோதுதான் அந்தச் சொல்லை, பிறந்ததிலிருந்து வாயில் புழங்கிய சொல்லை, ஆரணிக்காரியின் காதால் கேட்டாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"என்ன நடந்துச்சு தெரியுமா? அந்தம்மா மயங்கி விழுந்துட்டாங்க. ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பியாச்சு. சொந்தக்காரங்க வேன் பிடிச்சு பாடி வாங்க வந்துட்டாங்க. வார்டுல அந்தப் பெரியவர் உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்கார்."

"மேம், எங்க ஊர்ல செத்தன்னா கொஞ்ச நேரம். செத்த இருங்கன்னு சொல்ல வந்தேன். இருங்கங்கிறதுக்குள்ள கரண்டு போயிருச்சு."

பிறகு மேடம் மெல்லிய குரலில், தனக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"நாங்க கும்பகோணம் பக்கம். சித்த இருன்னுதான் எங்க அம்மா சொல்வாங்க. ஒரு கொம்புதான் வித்தியாசம்."

ஆனால் புகார் எழுத்தில் வந்துவிட்டது, மேலே போய்விட்டது, முடிவு தன் கையில் இல்லை, என்றார். அந்தக் குடும்பம் பேசின பெண்ணோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று கேட்கிறது. நாலு நாள் கழித்துப் பிற்பகலில் இணைப்புக் கொடுப்பார். என்ன சொல்ல வேண்டுமென்று எழுதி அனுப்புவார். அதுவரை அழைப்பு எதுவும் எடுக்க வேண்டாம்.

இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வத்தை அவள் எழுப்பவில்லை. அவன் எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன வல்லி, வயிறு வலிக்கா, என்றுதான் கேட்டான். இல்லையென்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பல் தேய்க்கப் போனவன் பிரஷ்ஷோடு நின்று கேட்டான். அவனுக்குச் சிரிப்பு வந்ததை அவள் பார்த்தாள். அவன் அதை விழுங்கியதையும் பார்த்தாள். பிறகு பைக் மெக்கானிக்கிடம் போய்ப் பழைய பைக் பேட்டரி ஒன்றை வாங்கிவந்து, மில்லில் மிஷின் பிரிக்கிற அதே கவனத்தோடு தரையில் சம்மணமிட்டு மோடத்தோடு இணைத்தான். இனிமே கரண்டு போனாலும் ஒன் பேச்சு அறுகாது, என்றான். வேலை இருந்தால்தானே பேச்சு என்று அவளுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆவுடையம்மாளுக்குச் சங்கதி தெரிந்தது மத்தியானம், மண்டியிலிருந்து வந்து காலைக் கழுவும்போது. கேட்டுவிட்டு ஈரக் காலோடு அப்படியே நின்றாள். ஒரு கூட்டமே வேன் பிடித்துப் போனதா என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல் நின்றுபோயிற்று.

நின்றுபோன பிறகுதான் அது எவ்வளவு நிறைந்திருந்தது என்று தெரிந்தது. சோறு வடிக்கும்போது, வாசல் தெளிக்கும்போது, குடத்தை இறக்கிவைக்க ஒரு கை கேட்கும்போது ஆவுடையம்மாளுக்கு அது நாக்கு நுனிக்கு வரும். "ஏட்டி, செ..." என்று தொடங்கி உதட்டை மடக்கிக்கொள்வாள். கொஞ்சம் என்பது அவள் வாய்க்குப் பொருந்தவில்லை, டவுன்காரி பேச்சு மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் சுவரெட்டிப் பேசிப் பேசிச் சீத்தம்மாவிடமிருந்து பிடித்துக்கொண்டாள். "கொஞ்செம் ஆகு" என்று தெலுங்கில் மகனைப் பொறுக்கச் சொன்னாள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வம் நிமிர்ந்து, "எம்மா, நீ எப்பம்மா ராஜுக்கமாரு வீட்டுப் பொம்பளையான?" என்றான். சீத்தம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். ஆனந்தவல்லியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ இடறியது.

இப்படி ஒரு முறை இந்த வீடு கவனமாக இருந்திருக்கிறது. இரண்டாவதும் தங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாதம். அப்போது ஒளித்துவைத்த சொற்கள் வேறு. தொட்டில் என்று சொல்லமாட்டார்கள். சீத்தம்மா வீட்டுப் பேத்திக்குப் பெயர் வைத்ததை இவளிடம் சொல்லவில்லை. அவள் வருகிற சத்தம் கேட்டதும் பேச்சு சட்டென்று சமையலுக்குத் திரும்பும். அவளைச் சுற்றி ஒவ்வொரு சொல்லாக அப்புறப்படுத்தி, நடக்கிற வழியில் முள் இல்லாமல் பெருக்கிவைத்திருந்தார்கள். அந்தச் சுத்தத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. இப்போதும் அதே பெருக்குமாறு.

இணைப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க எப்பவும் போலப் பேசுங்க. மைக் ஆப்லதான் இருக்கு. யாருக்கும் கேக்காது."

ஆவுடையம்மாள் நிமிரவில்லை. நகத்தால் பூண்டுத் தோலைக் கீறிக்கொண்டே சொன்னாள்:

"மெட்ராஸ்காரிக்குக் கேக்காதுட்டி. வயித்துல இருக்கதுக்குக் கேக்கும்ல."

ஆனந்தவல்லி ஒரு பல்லை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். தான் மட்டும்தான் அந்தச் சொல்லை வேறு காதால் கேட்டதாக நினைத்திருந்தாள். மாமியார் எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ. இரண்டு பிள்ளைகளுக்காகவும் இவள் அழுததை ஆனந்தவல்லி பார்த்ததே இல்லை. தங்கல என்று முதலில் சொன்னது இவள்தான். அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க இவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள்.

மறுநாள் பிற்பகல் இணைப்பு வந்தது. மேடம் எழுதி அனுப்பிய வாக்கியம் திரையில் இருந்தது. தங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு எங்கள் நிறுவனம் மனமார வருந்துகிறது. காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். கதவுக்கு வெளியே மாமியாரின் நிழல் அசையாமல் இருந்தது. பாண்டிச்செல்வம் பேட்டரிப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நீதானாம்மா அது?" என்றது அலமேலுவின் குரல்.

வாக்கியம் திரையிலேயே தங்கிவிட்டது.

"ஆமாக்கா. நாந்தான். எங்க ஊர்ல செத்தன்னா கொஞ்ச நேரம்னு அர்த்தங்க்கா. செத்த இருங்கன்னு சொல்ல வந்தேன். பாதியில லைன் போயிருச்சு. திருப்பி அடிச்சேன். எங்கேஜ்டாவே இருந்துச்சு."

"இல்லாம இன்னா பண்ணும்? ஊருக்கெல்லாம் சாவு சொல்லிகினு இருந்தேன். பந்தக்காரன் வந்து கால் நட்டுட்டாம்மா. எங்க அம்மா பூ வேணாம்னு எடுத்துப் போட்டுச்சு. தெரியுமா ஒனக்கு?"

ஆனந்தவல்லிக்கு எடுத்துப் போட்ட பூ கண்ணுக்குத் தெரிந்தது.

"அத நான் வாழ்க்கைல மறக்க மாட்டேங்க்கா. நீங்க என்ன திட்டினாலும் சரி. ஆனா நான் அப்படி நெனச்சுச் சொல்லல. அந்த வார்த்தைய அந்த அர்த்தத்துல சொல்ல எனக்கு வாய் வராதுக்கா. எனக்கே ரெண்டு போயிருக்கு."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. தங்கல என்று சொல்லவில்லை. பாண்டிச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். இப்ப முழுகாம இருக்கியா, என்று கேட்டாள் அலமேலு. ஆமாக்கா, ஏழு, என்றாள் இவள். போன் கை மாறுகிற கரகரப்பு.

"யம்மா, நாந்தான் பேசறேன். செத்தவன்."

கிழவரின் குரல். ஐயா, என்றாள் ஆனந்தவல்லி.

"நீ எந்த ஊரு?"

"ராஜபாளையம் ஐயா."

"நாய்க்குப் பேர் போன ஊரா?"

"ஆமாங்கய்யா."

"ஒரு சேதி சொல்றேன் கேளு. எந்தம்பி ஒருத்தன் கீறான். வரப்புத் தகராறு. எம்மூட்டு வாசப்படிய மிதிக்கறத வுட்டப்புறம் அவம் பொண்ணுக்குக் கல்யாணமாயி அதுக்கும் ரெண்டு புள்ள பொறந்தாச்சு. நீ செத்தா வரேண்டான்னு சொல்லிட்டுப் போனவன். வந்தாம்மா. மாலையோட மெட்ராசுக்கே வந்துட்டான். நான் உக்காந்து இட்லி துன்னுகினு கீறேன். பாத்தான். மாலைய பெஞ்சு மேல கடாசிட்டுக் கோவிச்சுகினு பூட்டான்."

"ஐயோ, பேசலியா ஐயா?"

"எங்க பேசறான்? அவன் கண்ணு செவந்து கெடந்துச்சு. வேன்ல வழியெல்லாம் அழுதிருக்கான். நான் உசிரோட கீறேன்னுதான் கோவம் அவனுக்கு." கிழவர் இருமினார், அல்லது சிரித்தார். "வந்தான்ல. அது போதும். சரி, ஒன் வயித்தப் பாத்துக்கோ. இந்த ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட மட்டும் அந்த வார்த்தைய வெச்சுக்காத."

போனைத் திரும்ப வாங்கிய அலமேலு, தான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக மேடத்திடம் சொன்னாள். இவளிடம், இனிமே பாத்துப் பேசு, என்று ஒரு அக்காளின் அதட்டலோடு சொல்லிவிட்டு வைத்தாள். ஆனந்தவல்லி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். காதுமடல் வியர்த்திருந்தது. கதவைத் திறந்தால் ஆவுடையம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், பழம் அறுக்கட்டுமா, என்றாள்.

மறுநாளிலிருந்து அழைப்புகள் வந்தன. அவள் ஒரு வெள்ளைத் தாளில் "ஒரு நிமிஷம்" என்று பெரிதாக எழுதி லேப்டாப் மேல் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மேலிடத்தின் முடிவு மாதக் கடைசியில்தான் தெரியும் என்றார் மேடம். வீட்டில் கொஞ்செம் தொடர்ந்தது.

ஆனி முடிவதற்குள் வளைகாப்பு வைத்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் அழைத்துப்போக முடியாது, அப்புறம் ஆண்டாளுக்குத் தேர் வந்துவிடும், ஊர் கொள்ளாத கூட்டம், என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுடைய அம்மா பாலம்மாள் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். தெருப் பெண்கள் கையைப் பிடித்துச் சந்தனம் பூசி, பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். சீத்தம்மா தெலுங்கில் ஏதோ வாழ்த்தினாள். புளியோதரையும் தயிர்ச்சோறும் காலியாகிக்கொண்டிருந்தபோது மேடத்தின் அழைப்பு வந்தது. லீவு சொல்லியிருந்த நாளில் கூப்பிடுகிறாரே என்று எழுந்த ஆனந்தவல்லி மாம்பழ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எடுத்தாள்.

"என்ன சத்தம் அது, கலகலன்னு?"

"வளையல் மேம். இன்னைக்கு வளைகாப்பு. கழட்டக் கூடாது. பேசறப்ப கைய அசைக்காம பாத்துக்கிடுதேன்."

"அசைங்க. அதுக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டேன்." மேடத்தின் குரலில் பழைய சாப்பிட்டாச்சா திரும்பியிருந்தது. "உங்களை நிரந்தரம் பண்ணியாச்சு. பிரசவ லீவு முடிஞ்சு எங்க இருந்து வேணும்னாலும் வேலை பாருங்க, ராஜபாளையமோ அம்மா வீடோ. லைன் மட்டும் அறுந்துறக் கூடாது."

நன்றி சொன்னாளா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. தையல் மிஷின் பலகையில் கையை ஊன்றி நின்றாள். வளையல் குலுங்கியது. வெளியே வந்து பாண்டிச்செல்வத்திடம் சொன்னாள். அவன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், சொம்பை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கொல்லைப்புறம் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

ஆவுடையம்மாளிடம் அவள் போய்ச் சொல்வதற்குள் சங்கதி அடுப்படிக்குப் போய்விட்டது. மாமியார் கரண்டியோடு எட்டிப்பார்த்து, பேசுதவளுக்கு வேல நெலச்சுட்டு, இனி என்ன, என்றாள் யாரிடமோ.

வெயில் தாழ்ந்ததும் கார் வந்தது. பாலம்மாள் முன்னால் ஏறி உட்கார்ந்து, நேரத்தோடு போயிரணும், ராகுகாலம் தொடங்கும் முன்ன தெரு தாண்டிரணும், என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். பாண்டிச்செல்வம் லேப்டாப் பையைப் பின்சீட்டில் வைத்து, மோடத்தையும் பேட்டரியையும் காலடியில் வைத்து, குலுங்காமல் இருக்கச் சாக்கால் அணை கொடுத்தான். அவள் வழக்கமாகப் பஸ்ஸில் போன அதே ரோடு. அந்த ரோட்டில் இன்று அவள் பாதி தூரம்தான் போக வேண்டும். அதற்கப்புறம் இறங்கிக்கொள்ளலாம்.

அவள் ஒரு காலைக் காருக்குள் வைத்தாள்.

"ஏட்டி வல்லி," என்றாள் ஆவுடையம்மாள் வாசலிலிருந்து. "செத்த நில்லு."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் விறுவிறுவென்று போய்விட்டாள். சொன்னதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. பாண்டிச்செல்வம் ஆனந்தவல்லியைப் பார்த்தான். சுவரோரம் நின்ற சீத்தம்மா வாயில் கை வைத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று தோன்றியது. இந்த ஊர்ப் பேச்சை அது இங்கேதானே கற்றுக்கொள்ள வேண்டும்.

உள்ளே வைக்கோல் சரசரத்தது. நல்ல பழமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பொறுக்குகிறாள் போல. பாலம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

ஆனந்தவல்லி காருக்குள் வைத்த காலை வெளியே எடுத்தாள். வளையல்கள் கலகலக்க இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாததை வாய் நிறையச் சொன்னாள்:

"செத்த நேரம் இருங்கண்ணே. எங்க அத்தை வாராக."

டிரைவர் எஞ்சினை அணைத்தார்.